தட்டைப் பிரித்து வைத்தது யார்?

கடிதம் எழுதியவருக்கு 36 வயது. அக்கா, அக்காவின் கணவர், அவர்களுடைய நான்கு வயது மகள் ஆகியோரோடு ஒரே வீட்டில் வசிக்கிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு சிறு அறுவை சிகிச்சைக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. பரிசோதனைக்கூட ஊழியர் தனியே அழைத்துச் சொல்லவில்லை. வரிசையில் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "உங்களுக்கு இப்போ ஆபரேஷன் கிடையாது, எச்.ஐ.வி. டாக்டரைப் பாருங்க" என்றாராம். அன்றிலிருந்து வீட்டில் எவருக்கும் தெரியாமல் சிகிச்சை எடுத்துவருகிறார். டோலுடெகிராவிர் அடங்கிய கூட்டு மாத்திரை, தினம் ஒன்று. மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு பரிசோதனையிலும் வைரஸ் கண்டறிய முடியாத அளவில்தான் இருந்திருக்கிறது.

உடம்பு தேறிவிட்டது, மனம் தேறவில்லை. ஆறு மாதமாக எதிலும் பிடிப்பில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அதற்குப் பிறகு தூக்கமில்லை. எடை குறைந்திருக்கிறது, தெரிந்தவர்களின் பெயர்கூடச் சட்டென்று வருவதில்லை. வீட்டில் தனக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் வைத்திருக்கிறார். அக்கா மகளைத் தூக்குவதில்லை. மாத்திரைகளை வைட்டமின் டப்பாவுக்கு மாற்றி, குலுங்கும் சத்தம் கேட்காமலிருக்க மேலே பஞ்சை அடைத்து, இரவு 11 மணிக்கு எல்லோரும் படுத்த பிறகு குளியலறையில் விழுங்குகிறார். இரண்டு மாதத்துக்கு முன், "எதற்கு இதெல்லாம்" என்று தோன்றி ஒன்பது நாள் மாத்திரையை நிறுத்திவிட்டார். பிறகு பயந்துபோய்த் தானாகவே மறுபடி தொடங்கினார். மருத்துவரிடம் இதைச் சொல்லவில்லை. போன ஆண்டு ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கப் போயிருக்கிறார். கோப்பைத் திறந்து படித்த அந்த மருத்துவர் தன் நாற்காலியைச் சற்றே பின்னால் நகர்த்திக்கொண்டார். இவர் அதன் பிறகு எந்த மனநல மருத்துவரிடமும் போகவில்லை.

இதற்கிடையே, உடன் வேலை செய்யும் பெண்ணொருவர் திருமணம் செய்துகொள்ள விருப்பம் தெரிவித்திருக்கிறார். இவருக்கும் அவரைப் பிடித்திருக்கிறது. ஆனால் காரணம் சொல்லாமல் வேலையை விட்டு வேறு ஊருக்குப் போய்விடுவதுதான் நியாயம் என்று முடிவு செய்திருக்கிறார். "வைரஸ் மூளைக்குப் போய்விட்டதா? மனநல மாத்திரை சாப்பிட்டால் எச்.ஐ.வி. மருந்து வேலை செய்யாமல் போகுமா? பிறக்கும் குழந்தைக்கும் வரும் என்று தெரிந்தே ஒருவரைக் கல்யாணம் செய்யலாமா? சொல்லாமல் விலகுவது தவறா?" என்பவை அவருடைய கேள்விகள். கடிதத்தின் நடுவில், எந்தக் கேள்வியோடும் ஒட்டாமல், இப்படி ஒரு வரியும் இருக்கிறது: "சில இரவுகளில் தூக்கத்திலேயே போய்விட்டால் யாருக்கும் தொந்தரவில்லை என்று தோன்றுகிறது."

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். என்னால் அப்படிக் கடந்துபோக முடியவில்லை. நேரடியாகவே கேட்கிறேன்: அந்த எண்ணம் வந்து, இருந்து, போய்விடுகிறதா? அல்லது எப்படி, எப்போது என்று யோசிக்கும் அளவுக்கு வந்திருக்கிறதா? இரண்டாவது என்றால், இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது நீங்கள் இருக்கும் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். எச்.ஐ.வி. கதையை அங்கே முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. "எனக்கு உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை, தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது" என்று சொன்னாலே போதும்.

முதல் வகைதான் என்றாலும் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்று பகலிலேயே, தெளிவாக இருக்கும் நேரத்தில், ஒரு தாளில் சில வரிகள் எழுதி வையுங்கள். இந்த எண்ணம் வருவதற்கு முன் எனக்குள் என்ன நடக்கிறது, அந்த நேரத்தில் எது என்னைக் கொஞ்சமாவது திசைதிருப்பும், மூன்று மணிக்குக்கூட யாரை அழைக்கலாம் என்று மூன்று விஷயங்கள் போதும். மூன்று மணிக்கு யோசித்தால் எதுவும் நினைவுக்கு வராது; அதனால்தான் தாள். "யாருக்கும் தொந்தரவில்லை" என்ற உங்கள் கணக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மனச்சோர்வில் இருப்பவர்கள் எல்லோரும் ஏறத்தாழ இதே கணக்கைத்தான் என் முன்னால் உட்கார்ந்து போட்டுக் காட்டுகிறார்கள். அந்தக் கணக்கில் அக்காவும் அவர் மகளும் எப்போதும் கழிக்கப்பட்டிருப்பார்கள்.

வைரஸ் மூளைக்குப் போய்விட்டதா?

எச்.ஐ.வி. மூளையையும் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கக்கூடியதுதான். அந்தப் பயம் ஆதாரமில்லாதது அல்ல. ஆனால் கூட்டு மருந்து சிகிச்சை பரவலாவதற்கு முன்பு, அதாவது 1996-க்கு முன்பு, பார்த்த கடுமையான மறதி நோயை, ஆண்டுக்கணக்கில் வைரஸ் அடங்கியிருப்பவர்களிடம் இப்போது அரிதாகத்தான் பார்க்கிறோம். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. பிடிப்பின்மை, விடியலுக்கு முன் விழிப்பு, எடைக் குறைவு, குற்ற உணர்வு, சாவைப் பற்றிய எண்ணம், இவற்றோடு மறதி. இரண்டு வாரத்துக்கு மேல் இவை நீடித்தாலே மனச்சோர்வு நோய் என்று சந்தேகிக்க வேண்டும். உங்களுக்கு ஆறு மாதம் ஆகிவிட்டது. மனச்சோர்வே கவனத்தைச் சிதைக்கும். கவனம் பதியாத விஷயம் நினைவிலும் தங்காது.

எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே இது உங்கள் மனம் பலவீனமானது என்பதற்கு அடையாளம் அல்ல. உங்கள் பாவத்துக்குக் கிடைத்த கூலியும் அல்ல. (அந்தச் சொல்லைக் கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்த பிறகும் படிக்க முடிந்தது.)

மனநல மருத்துவர் உங்களை ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு சின்னப் படிவத்தை நிரப்பச் சொல்லலாம். உலகம் முழுக்கப் பயன்படும் அந்தப் படிவத்தின் ஒன்பதாவது கேள்வி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரியைப் பற்றியதுதான். அதோடு தைராய்டு, பி12, ரத்தசோகை, மேகநோய் எனப்படும் சிபிலிஸ் ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகளையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். சோர்வுக்கும் மறதிக்கும் இவையும் காரணமாகலாம், கண்டுபிடித்தால் சரிசெய்யக்கூடியவை. இவையெல்லாம் சரியாக இருந்து, மனச்சோர்வு குறைந்த பிறகும் மறதி நீடித்தால், அப்போது மூளையைப் பற்றி யோசிப்போம்.

பஞ்சு அடைத்த டப்பா

உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் நிறுத்தியது இந்தப் பஞ்சுதான். 30 மாத்திரைகள் எழுப்பும் சின்னச் சத்தத்துக்குப் பயந்து ஒரு மனிதர் நான்கு ஆண்டுகளாகப் பஞ்சு வாங்குகிறார். மனம் என்ன ஆகும் என்பது இருக்கட்டும். இந்த மறைப்பு உங்கள் மருத்துவத்தையே எப்படிக் குலைக்கிறது என்பதை முதலில் பார்க்கலாம்.

டோலுடெகிராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். அப்படிப்பட்டவர்களிடம், இரவில் எடுப்பதைக் காலைக்கு மாற்றுங்கள் என்று சொல்வது வழக்கம். நீங்கள் 11 மணிக்கு எடுப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. எல்லோரும் தூங்கிவிடுவார்கள் என்பதுதான் காரணம். விடியற்கால விழிப்பு மனச்சோர்வுக்கே உரிய அறிகுறி. அதில் மாத்திரைக்கும் பங்கு இருக்கிறதா என்பது நேரத்தை மாற்றிப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் எச்.ஐ.வி. மருத்துவரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். செலவில்லாத சிகிச்சை இது.

அடுத்தது டப்பா. மாத்திரை வந்த அசல் டப்பாவுக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிறு பொட்டலமோ குப்பியோ இருக்கும். வேறு டப்பாவுக்கு மாற்றும்போது அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. அதைக் குளியலறையில் வேறு வைத்தால் கேட்கவே வேண்டாம். அந்த வைட்டமின் டப்பாவில் முன்பு இருந்ததை நீங்கள் சாப்பிட்டீர்களா, இப்போதும் சாப்பிடுகிறீர்களா என்பதும் எனக்குத் தெரிய வேண்டும். கால்சியம், இரும்பு, துத்தநாகம் கலந்த சத்து மாத்திரைகளும், மக்னீசியமும் அலுமினியமும் கலந்த வயிற்றெரிச்சல் மருந்துகளும் டோலுடெகிராவிரை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கும். அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும் என்பது பொது விதி. மாறுவேடத்துக்கு நீங்கள் தேர்ந்தெடுத்த டப்பா, இந்த மருந்தோடு ஒத்துப்போகாததாகப் பார்த்து அமைந்திருக்கிறது!

இனி அந்த ஒன்பது நாள். இதற்காக உங்களைக் கடிந்துகொள்ளும் எண்ணம் எனக்கில்லை. நிறுத்தியதைவிட, பயந்தபடியே தானாகத் திரும்பி வந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் மருத்துவரிடம் அதை மறைக்கக் கூடாது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களுக்குள் வைரஸ் மறுபடி பெருகும். ஒன்பது நாளில் என்ன நடந்தது என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். "கண்டறிய முடியாத அளவு" என்று நீங்கள் எழுதியிருப்பது நிறுத்துவதற்கு முன் எடுத்த முடிவு. ஆகவே இந்த வாரமே, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் வைரல் லோடு பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருக்கிறதா என்று முன்பு பார்த்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். உங்கள் கூட்டு மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின் போன்ற மருந்துகள் இருந்தால் அவை அந்த வைரஸையும் சேர்த்தே அடக்குகின்றன. திடீரென நிறுத்தும்போது கல்லீரல் பாதிக்கப்படலாம்.

மனநல மாத்திரை ஒத்துப்போகுமா?

பெரும்பாலும் ஒத்துப்போகும். மனச்சோர்வுக்கு முதலில் எழுதப்படும் செர்ட்ராலின், எஸ்சிடலோப்ராம் போன்ற மருந்துகளுக்கும் டோலுடெகிராவிருக்கும் இடையே கவலைப்படும்படியான மோதல் எதுவும் இல்லை. ரிடோனாவிர், கோபிசிஸ்டாட் சேர்ந்த எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. அவை பல மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். உங்கள் விஷயத்தில் நான் பயப்படுவது இரண்டுக்குத்தான். ஒன்று கார்பமசெபின். வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் தரப்படும் இந்த மருந்து டோலுடெகிராவிரின் அளவைக் குறைத்துவிடும். மற்றொன்று செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை. "இயற்கையானது, மனச்சோர்வுக்கு நல்லது" என்று மருந்துச் சீட்டு இல்லாமலே பல நாடுகளில் விற்கிறார்கள். அது எச்.ஐ.வி. மருந்தைச் செயலிழக்கச் செய்யும் அளவுக்குப் போகக்கூடியது. மனநல மருத்துவரிடம் எச்.ஐ.வி. மருந்தின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். எந்த மருந்தோடு எது சேரும் என்பதைப் பார்க்க லிவர்பூல் பல்கலைக்கழகம் ஒரு இலவச இணையத் தளத்தையே நடத்துகிறது. உங்கள் மருத்துவர் அதைப் பார்த்து எழுதிவிட முடியும்.

மாத்திரை தொடங்கினால் முதல் இரண்டு வாரம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். நான்கு வாரத்துக்குள் பெரும்பாலோருக்கு மாற்றம் தெரியும். தேறிய பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர வேண்டும். மாத்திரை மட்டுமே வழி என்றும் நினைக்க வேண்டாம். எண்ணங்களைப் பிரித்துப் பார்த்துச் சோதிக்கும் பேச்சு சிகிச்சையும் நன்றாகப் பலன் தரும். உங்கள் நிலையில் இரண்டையும் சேர்த்துச் செய்வதே நல்லது என்பது என் கருத்து.

அந்த நாற்காலி

என் தொழிலைச் செய்யும் ஒருவர் உங்களைப் பார்த்து நாற்காலியை நகர்த்தினார் என்று படித்தபோது எனக்கு அவமானமாக இருந்தது. நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பீர்கள் என்று நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. நான்கு அங்குலம் நகர்ந்தாலும், நகர்ந்ததை உட்கார்ந்திருப்பவர் பார்த்துவிடுவார். பரிசோதனைக்கூடத்தில் உங்களுக்கு நடந்தது அதைவிட மோசம்: மருத்துவ ரகசியத்தை வரிசையில் நின்றவர்களுக்கு அறிவித்திருக்கிறார்கள். உலகம் உங்களை ஒதுக்குகிறது என்பது உங்கள் கற்பனை இல்லை.

நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடவில்லை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பொதுவாகச் சிலவற்றைச் சொல்ல முடியும். உங்கள் பரிசோதனை முடிவை உங்கள் அனுமதியின்றி வெளியாருக்குச் சொல்வது மருத்துவ நெறிக்கு விரோதம். பல நாடுகளில் சட்டப்படியும் குற்றம் அல்லது நஷ்டஈடு கேட்கத்தக்க தவறு. எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கலாம். நான்கு ஆண்டு ஆகிவிட்டதால் காலக்கெடு தாண்டியிருக்கலாம் என்பதால், முதலில் எச்.ஐ.வி. வழக்குகளில் அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவரையோ, எச்.ஐ.வி. உள்ளோர் நடத்தும் அமைப்பு ஒன்றையோ கேளுங்கள். வேலை கொடுத்தவரிடம் எச்.ஐ.வி. பற்றிச் சொல்ல வேண்டிய அவசியம் பெரும்பாலான வேலைகளில் இல்லை. மனச்சோர்வுக்காக விடுப்பு எடுத்தால், சான்றிதழில் நோயின் பெயர் வேண்டாம், ஓய்வு தேவை என்று மட்டும் எழுதுங்கள் என மருத்துவரைக் கேட்கலாம். காப்பீட்டு விண்ணப்பத்தில் மட்டும் பொய் எழுதாதீர்கள். பின்னால் பணம் வரும் நேரத்தில் அது உங்களுக்கே எதிராக நிற்கும்.

புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் தெம்பைப் பொறுத்தது. இப்போதே போராட வேண்டும் என்று எந்தக் கடமையும் இல்லை. ஆனால் அந்த ஒருவருக்காக மனநல சிகிச்சையையே விட்டுவிட்டால், தண்டனை உங்களுக்குத்தான். உங்கள் எச்.ஐ.வி. மருத்துவரிடமே கேளுங்கள்: "எங்கள் ஆட்களை நன்றாகப் பார்க்கும் மனநல மருத்துவர் யார்?" இந்த ஒரு கேள்வி பாதி வடிகட்டலைச் செய்துவிடும்.

தட்டைப் பற்றி

எல்லோரும் உங்களை ஒதுக்கினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வீட்டில் யாரும் ஒதுக்கவில்லையே! அவர்களுக்கு விஷயமே தெரியாது. தட்டைப் பிரித்து வைத்தது நீங்கள். குழந்தை கை நீட்டும்போது விலகிப் போவதும் நீங்கள். வெளியே இரண்டு இடத்தில் நடந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து, அந்த ஊழியருடைய வேலையையும் அந்த மருத்துவருடைய வேலையையும் நான்கு ஆண்டுகளாக நீங்களே செய்துவருகிறீர்கள். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. களங்கம் என்பது இப்படித்தான் உள்ளே இறங்குகிறது. ஊர் ஒதுக்கும் முன் நாமே ஒதுங்கிவிட்டால் வலி குறையும் என்று மனம் நினைக்கிறது.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறீர்கள். தவறிப்போய் உங்கள் தட்டில் அக்கா பரிமாறியபோது நீங்கள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டீர்கள். அவர் கேட்டிருக்கிறார்: "என் கை பட்டது உனக்கு ஆகாதா?" இந்த வரியை மறுபடி படித்துப் பாருங்கள். நீங்கள் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவரோ, தம்பி தன்னை ஒதுக்குவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

தட்டு, டம்ளர், கழிப்பறை, கட்டிப்பிடித்தல், முத்தம், இருமல், கொசு எதன் வழியாகவும் எச்.ஐ.வி. பரவாது. உங்களுக்கு இது தெரியும். கடிதத்திலேயே "தெரியும், ஆனாலும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த "ஆனாலும்" எங்கிருந்து வந்தது? 1981-ல் இந்த நோய் முதன்முதலாகப் பதிவானபோது அதற்குப் பெயர்கூட இல்லை. வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது 1983-ல். அதைக் கண்டுபிடித்த பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லுக் மொந்தாஞ்ஞே இருவருக்கும் 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் பயமுறுத்தித்தான் மக்களைக் காப்பாற்ற முடியும் என்று அரசுகள் நம்பின. நாம் சுவர்களில் பார்த்து வளர்ந்த மண்டை ஓடுகளும் "உயிர்க்கொல்லி" என்ற சொல்லும் அந்தக் காலத்துச் சரக்கு. மருத்துவம் எங்கோ போய்விட்டது, அந்தச் சொல் மட்டும் போகவில்லை. இன்னும் சில பத்திரிகைகள் அதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அதே 1983-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் கூடிய நோயாளிகள், எங்களைப் பலியானவர்கள் என்று அழைக்காதீர்கள் என்று அறிக்கை விட்டார்கள். மாத்திரையே இல்லாத காலத்தில் அப்படிச் சொன்னவர்கள் அவர்கள்.

"தெரியும், ஆனாலும்" என்பதைத் தெரிந்துகொள்வதால் மட்டும் போக்க முடியாது, செய்துதான் போக்க வேண்டும். பேச்சு சிகிச்சையில் நாங்கள் செய்வதும் இதுதான். பயத்தை ஏணிப்படிபோல் அடுக்கி, கீழ்ப்படியிலிருந்து ஏறுவது. உங்களுக்குக் கீழ்ப்படி எது? டம்ளராக இருக்கலாம். ஒரு வாரம் பொது டம்ளரில் தண்ணீர் குடியுங்கள். குடிக்கும் முன் பதற்றம் பத்துக்கு எத்தனை, பத்து நிமிடம் கழித்து எத்தனை என்று குறித்து வையுங்கள். பிறகு தட்டு. பிறகு குழந்தை. நான்கு வயதுக் குழந்தை தூக்கச் சொல்லிக் கேட்கும் காலம் அதிக நாள் நீடிக்காது.

அக்காவிடம் சொல்ல வேண்டுமா? கட்டாயமில்லை. ஆனால் யாராவது ஒருவருக்காவது தெரிந்திருந்தால், பெரும்பாலோருக்கு மருந்தை விடாமல் எடுப்பதும் எளிதாகிறது, மூன்று மணி இருட்டும் குறைகிறது. அது அக்காவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முதலில் எச்.ஐ.வி. உள்ளோர் குழு ஒன்றில் போய் உட்கார்ந்து, யார் யாரிடம் எப்படிச் சொன்னார்கள், எது சொதப்பியது என்று கேட்டுவிட்டு வரலாம். உலகில் சுமார் 4 கோடிப் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள், ஒருவரைக்கூட நீங்கள் நேரில் அறிந்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அறிந்திருப்பீர்கள், அவர்களும் டப்பாவில் பஞ்சு வைத்திருப்பார்கள்.

அந்தப் பெண்ணிடம்

முதலில் குழந்தை. இங்கே உங்கள் புரிதல் தவறு. கருவிலோ பிரசவத்திலோ பாலூட்டும்போதோ தாயிடமிருந்துதான் குழந்தைக்கு எச்.ஐ.வி. போகிறது, தகப்பனிடமிருந்து நேரடியாகப் போவதில்லை. மனைவிக்குத் தொற்று இல்லையென்றால் குழந்தைக்கும் இல்லை. மனைவிக்குப் பரவுமா என்றால், அதற்கான பதில் உங்கள் வைரல் லோடு அறிக்கையில் இருக்கிறது. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மற்றவருக்கு இல்லாத தம்பதிகளை ஐரோப்பாவின் 14 நாடுகளில் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வு 2016-ல் வெளியானது. சிகிச்சையால் வைரஸ் அடங்கிய நிலையில், ஆணுறை இல்லாமல் சுமார் 58,000 முறை உறவு நடந்திருந்தது. துணைவரிடமிருந்து தொற்று பெற்றவர் ஒருவர்கூட இல்லை. ஆண் தம்பதிகளிடம் நடந்த அடுத்த கட்ட ஆய்வும் 2019-ல் அதே பூஜ்யத்தைக் காட்டியது. கண்டறிய முடியாத அளவில் வைரஸ் இருப்பவர் உடலுறவின் வழியாகத் தொற்றைக் கடத்துவதில்லை என்று உலக சுகாதார அமைப்பும் சொல்கிறது. ஆனால் அது மாத்திரையைத் தவறாமல் எடுப்பவருக்கு. அந்த ஒன்பது நாளுக்குப் பிறகு எடுக்கும் பரிசோதனை முடிவு கையில் வரும்வரை இந்த உறுதியை உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி உங்கள் முடிவு. சொல்லாமல் ஊரை விட்டுப் போவதற்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் தியாகம். எனக்கு அப்படித் தெரியவில்லை. அவர் என்ன சொல்வார் என்பதை அவர் சார்பில் நீங்களே முடிவு செய்து, அவருக்குக் கேள்வி கேட்கும் வாய்ப்புகூட இல்லாமல் செய்கிறீர்கள். அது மட்டுமல்ல, மனச்சோர்வின் நடுவில் இருக்கும் எவரிடமும் நான் சொல்வது: வேலையை விடுவது, ஊரை விடுவது, உறவை முறிப்பது ஆகிய மூன்றையும் சிகிச்சை தொடங்கி எட்டு வாரமாவது தள்ளிப்போடுங்கள். நீங்கள் மூன்றையும் ஒரே நாளில் செய்யத் திட்டமிட்டிருக்கிறீர்கள்.

எதிர்முனையும் சரியல்ல. சொல்லாமல் திருமணம் செய்துகொள்வதற்கு நான் உடன்பட மாட்டேன். வைரஸ் அடங்கியிருந்தாலும் சரி, திருமணம் முடிவாவதற்கு முன்பும் உடலுறவுக்கு முன்பும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சில நாடுகளில் மறைப்பது தண்டனைக்குரிய குற்றமும்கூட. இடையில் ஒரு வழி இருக்கிறது. "உங்களை எனக்கும் பிடித்திருக்கிறது. உடல்நிலை சம்பந்தமாக ஒரு விஷயம் பேச வேண்டியிருக்கிறது, அதற்கு எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும்" என்று இப்போதே சொல்லலாம். இது பொய்யும் இல்லை, ஓட்டமும் இல்லை.

பேசும் நாள் வரும்போது குறுஞ்செய்தியிலோ குரல் பதிவிலோ சொல்லாதீர்கள். அனுப்பியது யார் கைக்குப் போகும் என்பது நம் பிடியில் இல்லை. நேரில், நிதானமாக. "நான் சொல்லப்போவது உங்களோடு இருக்கட்டும்" என்று முதலில் கேட்டு, அவர் சம்மதித்த பிறகு: "எனக்கு நாலு வருஷமா எச்.ஐ.வி. இருக்கு. தினம் ஒரு மாத்திரை சாப்பிடுறேன், வைரஸ் அடங்கியிருக்கு. என் டாக்டரை நீங்களே பார்த்து என்ன வேணும்னாலும் கேட்கலாம்." அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம். "எப்படி வந்தது?" என்று அவர் கேட்கக்கூடும். (நீங்கள் அதை எனக்கு எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. காசநோயாளியிடம் உங்கள் மேல் யார் இருமினார் என்று எவரும் விசாரிப்பதில்லை.) பொய் சொல்லாதீர்கள், எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம்.

அவர் மறுக்கலாம். அழலாம். ஒரு வாரம் பேசாமல் இருக்கலாம். அலுவலகத்தில் ஒருவரிடம் சொல்லியும் விடலாம். அந்த அபாயம் உண்மையானது, அதனால்தான் உங்கள் பக்கம் ஒருவராவது இருக்கும் நிலையில் இதைச் செய்யச் சொல்கிறேன். அவர் மறுத்தால் அது ஒரு பெண் ஒரு திருமணத்தை மறுத்தது. பரிசோதனைக்கூட வரிசையில் நடந்ததன் தொடர்ச்சியாக அதைப் படிக்காதீர்கள்.

ஆக, இந்த வாரத்துக்கு மூன்று வேலைகள்: எச்.ஐ.வி. மருத்துவரிடம் ஒன்பது நாளைப் பற்றிச் சொல்லி வைரல் லோடுக்கு ரத்தம் கொடுப்பது, மனநல மருத்துவர் ஒருவரின் பெயரை வாங்கிச் சந்திப்பு நேரம் குறிப்பது, அந்தத் தாளை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது. ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருந்தால் அது இப்போதைக்கு அலமாரியிலேயே இருக்கட்டும். பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அக்காவின் கேள்விக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்பதையும்.